சுருள்வில்லின் பிடி

சுருவிலில் லிப்ட் கிடையாது. அதற்கு இங்கே வேலையும் இல்லை. ஓட்டு வீடுகள், போரில் இடிந்து பின்னர் திருத்திய வீடுகள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் சொல்லும் ஒன்றிரண்டு மாடி வீடுகள், பனைகள், கடல். இவைதான் எங்கள் ஊர். எங்களில் மிக உயரத்துக்கு ஏறி இறங்குகிறவர் பனைத் தொழிலாளிதான். காலில் மாட்டிய தளைநாரும் இரண்டு கைகளும்தான் அவருக்குப் பாதுகாப்பு.

இருந்தாலும் லிப்டைப் பற்றிய பயம் எங்களிடம் தாராளமாக உண்டு. கண் பார்க்கவும் நெஞ்சு பார்க்கவும் கொழும்புக்குப் போய்வருகிற வயதானவர்கள், வைத்தியர் சொன்னதை மறந்தாலும் லிப்டில் ஏறிய கதையை மறப்பதில்லை. கதவு மூடியதும் வயிறு பிசைந்தது, வெளிச்சம் ஒருமுறை மங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்லாம் வரும். கடைசியில் இரண்டு கேள்விகளும் வரும். கயிறு அறுந்தால் என்ன நடக்கும்? கரண்ட் நின்றால் என்ன நடக்கும்?

2022ஆம் ஆண்டு நாடு இருளில் கிடந்தது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு. அந்த நாட்களில் தரம் பத்துக்கு உராய்வு படிப்பித்துக்கொண்டிருந்தேன். "சேர், இப்பிடிக் கரண்ட் நிண்டால் கொழும்பில லிப்டெல்லாம் கீழ விழாதோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. புத்தகத்தில் இல்லாத கேள்வி. பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி வேறொன்று இருக்கவும் முடியாது.

நாங்கள் அறிந்த பிரேக் சைக்கிள் பிரேக். கையால் இறுக்கினால் பிடிக்கும், கையை எடுத்தால் விட்டுவிடும். மோட்டார் சைக்கிளும் காரும் அப்படித்தான். ஆகவே லிப்டிலும் மின்சாரந்தான் பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கிறது, மின்சாரம் போனால் பிடி விட்டுவிடும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர் எதிரானது.

லிப்ட் பெட்டியைத் தூக்கும் மோட்டாரின் அச்சில் ஓர் இரும்பு உருளை இருக்கும். அந்த உருளையின் இரு பக்கத்திலும் இரண்டு கைகள். கைகளின் உட்புறத்தில், உராய்வதற்கென்றே செய்த கட்டியான பட்டைகள். இரண்டு கைகளையும் உருளையோடு சேர்த்து நெரித்துக்கொண்டிருப்பவை பலமான சுருள்விற்கள். இதுதான் அதன் இயல்பு நிலை. எந்த மின்சாரமும் இல்லாமல், எவருடைய கட்டளையும் இல்லாமல், இரவும் பகலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும்.

மின்சாரம் வருவது விடுவிப்பதற்கு மட்டுந்தான். நீங்கள் ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்தினால் மின்காந்தச் சுருள் ஒன்று உயிர் பெற்று, சுருள்விற்களின் விசையை வென்று, இரண்டு கைகளையும் விலக்கும். விலகும் தூரம் ஒரு மில்லிமீற்றர்கூட இராது. அந்தச் சிறு இடைவெளியில்தான் உருளை சுழலும், பெட்டி போகும். மின்சாரம் நின்றால் காந்தம் செத்துவிடும். விற்கள் மீண்டும் நெரிக்கும். பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அன்று மாடிகளுக்கு நடுவே அகப்பட்ட பெட்டிகளைத் தாங்கியது இந்த விற்களின் பிடிதான்.

சுருவில் பிள்ளைகளுக்குச் சுருள்வில் படிப்பித்தால் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். ஊர்ப் பெயருக்கும் அதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். சிரித்தது மறக்காது.

இரண்டாவது விஷயம் பெரியவர்களையும் திகைக்க வைப்பது. பிரேக் பிடிக்காவிட்டால் லிப்ட் கீழேதான் விழும் என்பதில்லை. மேலேயும் 'விழும்'.

இதை விளங்கிக்கொள்ளத் துலா தெரிந்தால் போதும். துலாவின் அடிப்பக்கத்தில் பாரம் இருப்பதால் வாளி தண்ணீரோடு இலேசாக மேலே வருகிறது. வெறும் வாளியை உள்ளே இறக்கத்தான் கயிற்றைப் பிடித்து இழுக்கவேண்டும். லிப்டிலும் கயிறுகளின் ஒரு நுனியில் பெட்டி, மறு நுனியில் எதிர்ப்பாரம். நடுவே மோட்டாரால் சுழலும் பெரிய கப்பி. எதிர்ப்பாரம் பெட்டியின் எடையோடு, அது சுமக்கக்கூடிய முழுச் சுமையின் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து அமைக்கப்படும்.

கரும்பலகையில் நான் போட்டுக் காட்டும் கணக்கு இது. எட்டுப் பேருக்கான லிப்டின் சுமை 630 கிலோகிராம். வெறும் பெட்டி 800 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பாரம் 800உம் 315உம் சேர்ந்து 1115. இப்போது 75 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் தனியே ஏறுகிறார். பெட்டிப் பக்கம் 875, மறுபக்கம் 1115. எதிர்ப்பாரம் 240 கிலோகிராம் கூட. பிரேக் விட்டுவிட்டால் எதிர்ப்பாரம் கீழே போகும், மனிதர் மேலே போவார். முழுச் சுமையின் பாதிக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தால்தான் பெட்டி கீழே ஓடும். தனி மனிதரை ஏற்றிய லிப்டுக்கு மேல்நோக்கித்தான் ஆபத்து.

அந்த 240 கிலோகிராமைப் பிடித்து நிறுத்த எவ்வளவு பலம் வேண்டும்? கப்பியின் ஆரை 0.3 மீற்றர் என்றால் கப்பியில் 720 நியூட்டன் மீற்றர் முறுக்கம். மோட்டாருக்கும் கப்பிக்கும் இடையில் நாற்பதுக்கு ஒன்று என்ற பற்சில்லு இருந்தால், உராய்வைக் கணக்கில் எடுக்காமல், மோட்டார் அச்சில் அது 18 ஆகக் குறைந்துவிடும். பழைய லிப்டுகளில் பிரேக்கை மோட்டாரின் அச்சில் வைத்ததன் சூட்சுமம் இதுதான். சிறிய பிரேக், பெரிய வேலை. ஆனால் இந்தச் சிக்கனத்துக்குள் ஓர் அபாயமும் இருக்கிறது. அச்சும் பற்சில்லும் உடைந்துபோனால், மோட்டார்ப் பக்கத்துப் பிரேக் எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் பயனில்லை. கப்பி தன்பாட்டில் சுழலும். அதனால்தான் புதிய இயந்திரங்களில் கப்பி இருக்கும் அச்சையே பிரேக் பிடிக்கிறது. பற்சில்லு இல்லாத மோட்டார்களில் இரண்டும் ஒரே அச்சுத்தான்.

கயிறு அறுந்தால் என்ன என்ற முதற் கேள்விக்கு வேறொரு பிரேக் பதில் சொல்லும். அமெரிக்கரான எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயோர்க் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில் ஒரு மேடையில் ஏறி நின்று, சனம் பார்த்திருக்க, மேடையைத் தூக்கியிருந்த கயிற்றை வெட்டச் செய்தார். மேடை சிறிது இறங்கி நின்றுவிட்டது. கயிற்றின் இழுவை போனதும் ஒரு வில் நிமிர்ந்து, பக்கத்துத் தண்டவாளப் பற்களில் கொளுவிக்கொண்டது. 1857இல் நியூயோர்க்கின் ஐந்து மாடிக் கடையொன்றில் பயணிகளுக்கான அவருடைய லிப்ட் நீராவியால் ஓடத் தொடங்கியது. மின்சார லிப்டை ஜேர்மனியின் மன்ஹைமில் 1880இல் வேர்னர் சீமென்ஸ் காட்டினார். இன்றுவரை ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஓட்டிஸின் சிந்தனையில் பிறந்த ஒரு பிடி இருக்கிறது. கீழ்நோக்கிய வேகம் அளவுக்கு மிஞ்சினால் அது தண்டவாளத்தைக் கௌவிக்கொள்ளும். கயிறும் ஒன்றல்ல, பல.

ஆகவே கயிறு அறுந்து செத்துவிடுவோம் என்ற பயம் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே பெரும்பாலும் தீர்த்துவைக்கப்பட்ட பயம். உண்மையில் கவலைப்படவேண்டியது, எவரும் கவலைப்படாத அந்தச் சிறிய பிரேக்கைப் பற்றித்தான்.

இதற்கு உலகம் கொடுத்த விலை உண்டு. சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டும் லிப்டுக்கு மூத்த சகோதரம்தான். கோலார் தங்கவயலில் நம் தமிழ்ச் சனம் தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்ட கூண்டுகளில் ஏறித்தான் பூமிக்கடியில் போனது. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் ஆழம். 2001இல் அந்தச் சுரங்கம் மூடப்படும்வரை ஒவ்வொரு நாளும் அந்தப் பயணம். இங்கிலாந்தின் டார்பிஷயரில் மார்க்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் 1973 ஜூலை 30ஆம் திகதி காலை 29 பேருடன் கூண்டு இறங்கிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கவேண்டிய இடத்தில் பிரேக் பிடிக்கவில்லை. 18 பேர் இறந்தார்கள், 11 பேர் படுகாயமடைந்தார்கள். பிரேக்கின் விற்களின் நடுவே போன ஓர் இரும்புத் தண்டு உடைந்திருந்தது. இரண்டு அங்குலத் தடிப்பான தண்டு. மீண்டும் மீண்டும் வளைந்து உலோகம் களைத்துப்போய், வெளியே தெரியாமல் வெடிப்பு வளர்ந்திருந்தது. அந்த ஒரு தண்டை நம்பித்தான் முழுப் பிரேக்கும் இருந்தது.

ஒன்றை மட்டும் நம்பி உயிர்களை வைக்கக்கூடாது என்பது அந்த விபத்து எழுதிவைத்த பாடம். லிப்டுக்கான ஐரோப்பிய நியமமும் இதையே சொல்கிறது. பிரேக்கின் பிடிக்கும் உறுப்புகள் இரண்டு தொகுதிகளாக இருக்கவேண்டும். ஒன்று செயலிழந்தாலும் மற்றது, முழுச் சுமையோடு இறங்கும் பெட்டியின் வேகத்தைக் குறைக்கவேண்டும்.

இரண்டு இருந்தாலும் பார்க்க ஆளில்லாவிட்டால் பயனில்லை. 2006 ஜூன் 3ஆம் திகதி தோக்கியோ நகரின் தொடர்மாடி ஒன்றில் பதினாறு வயது மாணவன் ஒருவன் சைக்கிளோடு லிப்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தான். கதவு திறந்திருக்கப் பெட்டி மேலே கிளம்பியது. பையன் நசுங்கி இறந்தான். பிரேக் பட்டைகள் தேய்ந்துபோய்ப் பிடிமானம் இழந்திருந்தன. மேலே நான் போட்ட கணக்கு ஒரு பிள்ளையின் உயிரில் நிரூபணமானது. கதவு திறந்திருக்கையில் பெட்டி அசைந்தால் தடுத்து நிறுத்தும் கருவி, புதிய லிப்டுகளில் இருந்தே தீரவேண்டும் என்று 2009 முதல் ஜப்பான் சட்டம் செய்தது.

தீவில் இருக்கும் ஒரு வாத்தியாருக்கு இவ்வளவு லிப்ட் ஞானம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியர் கலாசாலையில் இதைப் படிப்பிக்கவில்லை. என்னிடம் படித்த ஒரு பையன்தான் எனக்குப் படிப்பித்தவன். பெயர் வேண்டாம். சாதாரண தரம் முடித்துத் தொழில் படித்து, கொழும்பில் இரண்டு வருடம் லிப்ட் திருத்தும் வேலை பார்த்து, வளைகுடா நகரம் ஒன்றுக்குப் போனான். தகப்பன் இல்லை. தாய், இரண்டு தங்கைகள். ஏஜென்சிக்குக் கட்டிய காசு வட்டிக்கு எடுத்தது. வகுப்பில் நான் கேட்ட கேள்விகளை இப்போது அவனிடம் திருப்பிக் கேட்பேன். அவன் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவான், குரலில் விளக்கம் சொல்லுவான்.

ஒருநாள் இரவு அனுப்பிய குரலில் விளக்கம் இல்லை, கேள்விதான் இருந்தது. அவன் பார்க்கும் கட்டடங்களில் ஒன்று பதினான்கு மாடி. பழைய லிப்ட். பெட்டி நிலத்தோடு சமமாக நிற்காமல் இரண்டு விரற்கடை கீழே நிற்கத் தொடங்கியிருக்கிறது. மாதாந்தப் பராமரிப்புத் தாளில் 'பிரேக் திறந்து பரிசோதிக்கப்பட்டது' என்று ஒரு கட்டம். எத்தனையோ மாதமாக அதில் சரி போட்டிருக்கிறார்கள். ஒருவரும் திறந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. திறப்பதென்றால் அரை நாள் லிப்டை நிறுத்தவேண்டும், கட்டடக்காரர் சத்தம் போடுவார். மேற்பார்வையாளர் இவனையும் சரி போடச் சொல்கிறார்.

"சேர், நான் என்ன செய்ய? போடட்டோ? போடாட்டி என்னை அனுப்பிப் போடுவினம்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. போடாதே என்று சொல்வதற்கு எனக்கு என்ன செலவு? என்னுடைய சம்பளம் மாதம் முடிய வங்கிக்கு வந்துவிடும். கடன்காரர் வந்து நிற்கப்போவது அவனுடைய படலையில். போடு என்று சொல்வதற்கும் வாய் வரவில்லை. பதினான்கு மாடியிலும் குடும்பங்கள். அதில் பாதி, எங்களைப்போல் ஊரை விட்டுப் பிழைக்கப் போன சனமாக இருக்கும். காலையில் பாடசாலைக்குப் போகுமுன் அனுப்பினேன்: "தம்பி, கண்டதை மட்டும் எழுது. காணாததைக் கண்டதாக எழுதாதே. திறந்தால் திறந்தது எண்டு எழுது, திறக்காட்டி திறக்கேல்லை எண்டு எழுது. அதுக்கு மேலே நான் இங்கையிருந்து சொல்ல ஏலாது."

அவன் அந்தக் கட்டத்தில் சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை. 'திறக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். அப்படி எழுதிய தாளைக் கோப்பில் வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. திட்டித் தீர்த்தார்கள். நாலாம் நாள் திறந்தார்கள். பற்சில்லுப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து ஒரு பக்கப் பட்டை ஊறிப்போயிருந்தது. மறுபக்கப் பட்டை தேய்ந்து ஆணித் தலை உருளையில் கீறிக்கொண்டிருந்தது. இரண்டு தொகுதி இருந்தும் இரண்டும் இல்லாத நிலை.

பட்டை வந்து சேரப் பதினொரு நாள். பதினொரு நாளும் லிப்ட் இல்லை. ஒன்பதாம் மாடியில் இருந்த ஒரு கிழவி இறங்க முடியாமல், படியேறிப் போன இவனைக் கண்டு வாயில் வந்தபடி ஏசினாவாம். தன்னைக் காப்பாற்றினான் என்று அவவுக்கு எப்படித் தெரியும்? நடக்காத விபத்துக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது நிறுவனம் அதைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவுமில்லை. 2024இல் ஊருக்கு வந்தான்.

தாயார் ஒருநாள் பாடசாலை முடியும் நேரம் வாசலில் நின்றா. "மாஸ்டர், நீங்கள் சொல்லித்தானாம் அவன் அப்பிடி எழுதினவன்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. மெச்சியும் சொல்லவில்லை. "ஓம் அம்மா" என்றேன். "இன்னும் ரெண்டு வரியக் கடன் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனா. எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பிரேக் பட்டையின் விலையும் ஒரு குடும்பத்தின் இரண்டு வருடமும் ஒரே தராசில் ஏறும் என்று எந்தப் பௌதிகப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

பையன் இப்போது கொழும்பில் சிறிய நிறுவனம் ஒன்றில் அதே வேலை செய்கிறான். சம்பளம் அங்கே வாங்கியதைவிடக் குறைவு. ஆனால் இங்கே பிரேக்கைத் திறக்க விடுகிறார்களாம்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் கொழும்பிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் தொடர்மாடிகளில் வாழ்கிறவர்கள். அவன் எனக்குச் சொன்னதில் சிலதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். பெட்டி நிலத்தோடு சமமாக நில்லாமல் படிபோல் ஏறி இறங்கி நிற்கத் தொடங்கினால், எரிந்த மணம் வந்தால், நின்ற பிறகும் மெல்ல நகர்ந்தால், காவலாளியிடம் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் பிரேக் அல்ல, ஆனால் பிரேக்காகவும் இருக்கலாம். கரண்ட் நின்று உள்ளே அகப்பட்டால் கதவை நெம்பித் திறந்து குதிக்கவேண்டாம். பெட்டியைச் சுருள்வில் பிடித்திருக்கிறது. இரண்டு மாடிக்கு நடுவே நின்ற பெட்டியிலிருந்து வெளியே வர எத்தனிக்கையில்தான் மனிதர் இடைவெளிக்குள் விழுகிறார்கள். தெரிந்தவர்கள் வந்து பிரேக்கைக் கையால் சிறிது சிறிதாக விடுவித்து அடுத்த மாடிக்குக் கொண்டுவருவார்கள். ஆள் குறைவாக இருந்தால் பெட்டி மேலேதான் போகும், பயப்படாதீர்கள். லிப்ட் சில நாள் திருத்தத்துக்கு நின்றால் படியில் ஏறும்போது அந்தப் பையன்களை ஏசாமல் போங்கள்.

போன வருடக் கடைசியில் தாயாருக்குக் கண்ணில் வெண்படலம் எடுக்க வேண்டியிருந்தது. மகன்தான் கொழும்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ஆறாம் மாடி. லிப்டின் கதவு திறந்ததும் அவ ஏறாமல் நின்று, "இதை ஆர் பார்த்தது?" என்று கேட்டாவாம். "தெரியாதம்மா, வேற ஆரோ" என்றானாம் அவன். உள்ளே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மகனின் கையைப் பிடித்தபடி ஏறினாவாம்.